சவூதியில் ஒரு பெண் துப்பறிய முடியுமா?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது சுருக்கமாக இதுதான்: சவூதி, ஈரான் போன்ற நாடுகளில் நடக்கும் கொலைக் கதைகளில் பெண் ஒருத்தி துப்பறிவதாக ஆங்கிலத்தில் நிறைய நாவல்கள் வருகின்றன. ஆண் துணை இல்லாமல் கடைத்தெருவுக்கே போக முடியாத ஊரில் இது எப்படி நடக்கும்? இதெல்லாம் மேல்நாட்டு வாசகர்களுக்காகச் சமைத்த கற்பனைதானே? இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தச் சமூகங்களில் ஒரு குற்றத்தை விசாரிக்கப் பெண்ணுக்கு நிஜமாகவே இடம் இருக்கிறதா என்பது ஒன்று. எழுதுகிறவர் அந்த இடத்தைத் தெரிந்து எழுதுகிறாரா, முகத்திரையை அட்டையில் போட்டு விற்கிறாரா என்பது இன்னொன்று. முதலாவதற்குத் தயங்காமல் 'ஆமாம்' என்பேன். இரண்டாவதற்குப் புத்தகத்துக்குப் புத்தகம் பதில் மாறும்.

என் வார்த்தைக்கு எவ்வளவு எடை கொடுக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் தமிழ்நாட்டு முஸ்லிம் பெண். ஜித்தாவில் ஒரு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியனாகப் பல வருடங்கள் வேலை பார்த்தேன். துப்பறியும் நாவல் பைத்தியம் சின்ன வயதிலேயே பிடித்தது. ஜித்தாவில் இருந்தபோது அந்த ஊரையும் அக்கம்பக்கத்து நாடுகளையும் பற்றிய நாவல்களைத் தேடித் தேடி வாசித்தேன். ஆனால் நான் உள்ளே போய்ப் பார்த்தவை மருத்துவமனையும் வீடுகளும்தான். காவல் நிலையத்துக்குள்ளோ தடய அறிவியல் கூடத்துக்குள்ளோ நான் வேலை செய்ததில்லை. ஆகவே போலீஸ் நடைமுறை பற்றி என்னைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். பெண்கள் புழங்கும் பக்கம் பற்றிச் சொல்வதைத் தாராளமாக நம்பலாம்.

கேள்வியிலேயே ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. நான் இருந்த காலத்தில் பெண்கள் ஜித்தாவின் பழைய நகரப் பகுதியான 'பலத்'தில் உள்ள சந்தைக்கோ ஃபலஸ்தீன் வீதிக் கடைகளுக்கோ டாக்ஸி பிடித்தும், வீட்டு டிரைவரோடும் போய் வந்துகொண்டுதான் இருந்தார்கள். பாஸ்போர்ட், வெளிநாட்டுப் பயணம், திருமணம் போன்றவற்றுக்குத்தான் தகப்பன், கணவன், சகோதரன் என்று ஒரு காப்பாளரின் அனுமதி வேண்டியிருந்தது. தெருவில் இறங்கி நடப்பதில் பெரிய சிக்கல் இருக்கவில்லை. மஹ்ரம் அல்லாத, அதாவது கணவனோ மணமுடிக்கவே கூடாத நெருங்கிய உறவினனோ இல்லாத ஓர் ஆணோடு தனித்திருப்பதில்தான் சிக்கல். மார்க்கப் போலீஸ், அதாவது மதக் கட்டுப்பாடுகளைக் கண்காணித்த காவல்படை, கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தது அதைத்தான். உணவகங்களில் குடும்பத்துக்கு ஒரு வாசல், தனி ஆண்களுக்கு ஒரு வாசல் இருந்ததும் அதனால்தான். சம்பளத்துக்கு வந்த வெளிநாட்டு டிரைவரோடு தினமும் தனியாகக் காரில் போகலாம், கூட வேலை பார்க்கிறவரோடு போகக் கூடாது என்ற முரண்பாட்டைப் பற்றிச் சவூதிப் பெண்களே எங்களிடம் சொல்லிச் சிரிப்பார்கள்.

துப்பறியும் கதை எழுதுகிறவருக்கு இது எவ்வளவு பெரிய இடைஞ்சல் என்று யோசித்துப் பாருங்கள். ஓர் ஆணும் பெண்ணும் ஒரே காரில் உட்கார்ந்து, காபி குடித்தபடி, சந்தேகத்துக்குரியவர் வீட்டை நோட்டம் விடுகிறார்கள். உலகம் முழுக்க ஆயிரம் கதைகளில் வந்த காட்சி. அன்றைய ஜித்தாவில் அந்தக் காட்சியே ஒரு குற்றம். கொலைகாரன் பிடிபடுமுன் துப்பறிகிறவர்கள் பிடிபடுவார்கள். இந்த இடைஞ்சலை எழுத்தாளர் எப்படிக் கையாள்கிறார் என்று பார்த்தாலே அவருக்கு ஊர் தெரியுமா தெரியாதா என்று பாதி தெரிந்துவிடும்.

இடைஞ்சல் இருப்பது பெண்ணுக்கு மட்டுமில்லை என்பதைத்தான் இந்த வகை நாவல்களை வாசிக்கிறவர்கள் தவறவிடுகிறார்கள். ஆண், பெண் இரு பாலாரையும் பிரித்து வைத்த சமூகத்தில் ஆண் விசாரணை அதிகாரிக்கும் பாதி வீடு மூடப்பட்டிருக்கிறது. செத்துப்போனவளின் அறை, அவள் தோழிகள், அவள் தாய், அவள் அலமாரி, அவள் உடம்பு, இவை எதையும் அவர் நேராக அணுக முடியாது. வாசலில் நின்று தகப்பன் சொல்வதைக் குறித்துக்கொண்டு போகலாம், அவ்வளவுதான். கட்டுப்பாடு இறுக இறுகப் பெண் விசாரணையாளரின் தேவை கூடுகிறது. இதை நவீன நாவலாசிரியர்கள் கண்டுபிடிக்கவில்லை. ஃபிக்ஹு எனப்படும் பழைய இஸ்லாமியச் சட்ட நூல்களிலேயே இருக்கிறது. கடன் பத்திரம் போன்ற விஷயங்களில் ஓர் ஆணின் இடத்துக்கு இரண்டு பெண் சாட்சிகள் என்ற விதியை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். ஆண்கள் பார்க்க முடியாத விஷயங்களில், அதாவது பிரசவம், பெண்ணின் உடல்நிலை போன்றவற்றில், பெண்களின் சாட்சியம் மட்டுமே போதும் என்று அதே நூல்கள் சொல்வதை யாரும் காட்டுவதில்லை. ஹனஃபி மத்ஹபில், அதாவது ஹனஃபி சட்டப் பிரிவில், அதற்கு ஒரு பெண் போதும். நம் கடற்கரை ஊர்களில் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபில் நான்கு பேர் வேண்டும். உஸ்மானியர், அதாவது ஆட்டோமான் துருக்கியர், காலத்துக் காழி (மார்க்க நீதிபதி) நீதிமன்றங்களில் மருத்துவச்சிகளை அழைத்துப் பரிசோதிக்கச் சொல்லி, அவர்கள் சொன்னதைப் பதிவு செய்த வழக்கம் இருந்தது. இன்றைய பேச்சில் சொன்னால் அவர்கள்தான் தடய மருத்துவ நிபுணர்கள்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இறந்த பெண்ணின் உடலை (மய்யித்தை) அடக்கத்துக்கு முன் குளிப்பாட்டுவது பெண்கள்தான். பெரும்பாலான மத்ஹபுகளில் கணவனுக்கு அனுமதி உண்டு என்றாலும் நடைமுறையில் பெரும்பாலும் பெண்களே செய்வார்கள். கழுத்தில் தடம் இருந்தால், விலாவில் கன்றிப்போயிருந்தால், கபன் துணி சுற்றுமுன் அதைப் பார்க்கிற கடைசிக் கண்கள் அவர்களுடையவை. பார்த்த குறையை வெளியே சொல்லாதே என்பது குளிப்பாட்டுகிறவர்களுக்கு மார்க்கம் சொல்லும் ஒழுக்கம். அநியாயத்தை மறைக்காதே என்பதும் மார்க்கம்தான். ஒரு நாவலுக்கு இதைவிட நல்ல முடிச்சு கிடைக்குமா? அடக்கத்தைச் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்ற அவசரம் வேறு இருக்கிறது. அன்றே மண்ணுக்குள் போகிற உடல் தன்னோடு எல்லாத் தடயத்தையும் கொண்டுபோய்விடும். முஸ்லிம் நாடுகளில் பிரேதப் பரிசோதனையே கிடையாது என்று சிலர் எழுதுகிறார்கள், அது தவறு. குற்ற வழக்குகளில் செய்யலாம் என்று சவூதியின் மூத்த உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) குழு 1976இலேயே தீர்ப்பளித்துவிட்டது. குடும்பங்களின் தயக்கம் வேறு விஷயம்.

நிஜ அலுவலகங்களில் நிலைமை நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது, இதைக் கலந்தடிக்கக் கூடாது. ஈரானில் ஷிரின் எபாதி போன்ற பெண் நீதிபதிகளை 1979 புரட்சிக்குப் பிறகு பதவியிலிருந்து இறக்கினார்கள். அவர் தலைமை வகித்த நீதிமன்றத்திலேயே அவரை எழுத்தராக உட்கார வைத்தார்கள். பிறகு 1990களில் சட்டத்தைத் திருத்தி, விசாரணை நீதிபதி, ஆலோசகர் போன்ற பதவிகளில் பெண்களை அனுமதித்தார்கள். வழக்கைத் துருவி ஆராயலாம், இறுதித் தீர்ப்பில் மட்டும் கையெழுத்திடக் கூடாது என்ற வினோத ஏற்பாடு. பாகிஸ்தானில் பெனசிர் பூட்டோ ராவல்பிண்டியில் முதல் மகளிர் காவல் நிலையத்தை 1994இல் திறந்தார். அல்ஜீரியாவில் பல பத்தாண்டுகளாகவே சீருடையில் பெண்களைத் தெருவில் பார்க்கலாம். சவூதியில் பெண்கள் சிறையிலும் விமான நிலையச் சோதனையிலும் பெண் ஊழியர்கள் முன்பே உண்டு. அரசு வழக்குத் தொடுப்புத் துறை பெண்களை விசாரணை அதிகாரிகளாக எடுக்கப்போவதாக அறிவித்தது 2018இல்தான். ஆப்கானிஸ்தானில் மலாலை காக்கர் என்ற லெப்டினன்ட் கர்னல் கந்தஹாரில் பெண்களுக்கு எதிரான குற்றங்களை விசாரிக்கும் பிரிவுக்குத் தலைமை வகித்தார். ஆண் போலீஸ் நுழைய முடியாத வீடுகளுக்குள் அவர் நுழைந்தார். 2008 செப்டம்பரில், வேலைக்குக் கிளம்பிய நேரத்தில் தாலிபான்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். எந்த நாவலாசிரியரும் கற்பனை செய்யத் தேவையில்லாத பாத்திரம் அவர்.

இப்போது நாவல்களுக்கு வருகிறேன். நீங்கள் கேட்ட வகையில் எனக்கு மிகவும் பிடித்தது ஸோயி ஃபெராரிஸின் ஜித்தா நாவல்கள் மூன்றும்: 2008இல் வந்த 'ஃபைண்டிங் நூஃப்', 2010இன் 'சிட்டி ஆஃப் வெய்ல்ஸ்', 2012இன் 'கிங்டம் ஆஃப் ஸ்ட்ரேஞ்சர்ஸ்'. ஆசிரியர் அமெரிக்கர். முதல் வளைகுடாப் போருக்குப் பிந்தைய காலத்தில், அப்போதைய கணவரின் குடும்பத்தோடு ஜித்தாவில் வாழ்ந்தவர். மருமகளாக அந்த வீட்டின் பெண்கள் பக்கத்தில் இருந்திருக்கிறார். பத்திரிகையாளராக வந்து ஹோட்டலில் தங்கிப் போனவர்களின் எழுத்துக்கும் இவர் எழுத்துக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் தொடங்குகிறது.

முதல் நாவலில் பணக்காரக் குடும்பத்துப் பதினாறு வயதுப் பெண் நூஃப் கல்யாணத்துக்குச் சில நாட்கள் முன்பு காணாமல் போகிறாள். பாலைவனத்தில் பிணமாகக் கிடைக்கிறாள். செத்தது தாகத்தால் அல்ல, தண்ணீரில் மூழ்கி. பாலைவனத்தில் மூழ்கிச் சாவது சும்மா வாசகரை இழுக்கச் செய்த வித்தை இல்லை. மழை பெய்தால் 'வாதி' எனப்படும் வறண்ட ஆற்றுப்படுகைகளில் நிமிடங்களில் வெள்ளம் பாய்ந்து ஆளை அடித்துப்போவது அங்கே எல்லோருக்கும் தெரிந்த ஆபத்து. குடும்பம் விஷயத்தை மூடிவிடப் பார்க்கிறது. தேடுகிறவர்கள் இரண்டு பேர். நாயிர் பாலைவன வழிகாட்டி, பாலஸ்தீனப் பூர்வீகம், கடுமையான தொழுகையாளி. காத்யா ஹிஜாஸி அரசுப் பிரேதப் பரிசோதனைக் கூடத்தின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். நூஃபின் வளர்ப்பு அண்ணனுக்கு நிச்சயிக்கப்பட்டவளும் அவள்தான். உடம்பு சொல்லும் சேதி அவள் கையில், பாலைவனம் சொல்லும் சேதி நாயிர் கையில். இரண்டையும் சேர்க்க வேண்டுமென்றால் இருவரும் பேசியாக வேண்டும். பேசுவதுதான் தப்பு.

இந்த ஏற்பாட்டின் அழகு நாயிரில் இருக்கிறது. வேறொருவர் எழுதியிருந்தால் காத்யாவுக்குத் துணையாக, மார்க்கத்தைக் கிண்டல் செய்கிற ஒரு தாராளவாதியைப் போட்டிருப்பார். இங்கே கூட வருகிற ஆணே எல்லாரையும்விட இறுக்கமானவன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டால் பார்வையைத் தாழ்த்துகிறான், பேசியதற்காக மனசு குறுகுறுக்கிறது, அதே சமயம் ஒரு பெண்ணின் அருகாமைக்கு ஏங்குகிறான். அவனை ஆசிரியர் கேலிப்பொருளாக ஆக்கவில்லை. அவனுடைய பக்தி உண்மையானது, அவனுடைய தனிமையும் உண்மையானது. இப்படிப்பட்ட ஆண்களை எனக்குத் தெரியும். லிஃப்டில் நான் தனியாக நிற்பதைப் பார்த்துவிட்டுப் படியேறிப் போகும் மருத்துவர் ஒருவர் எங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தார். ரிப்போர்ட்டில் சந்தேகம் என்று போன் செய்தால் பொறுமையாகக் கால் மணி நேரம் விளக்குவார். மரியாதையும் விலகலும் ஒரே ஆளிடம் இருப்பதை ஆங்கில நாவல்கள் பிடிப்பது அபூர்வம்.

காத்யாவும் சுவரொட்டிப் புரட்சிக்காரி இல்லை. அவளுக்கு வேண்டியது வேலை நிலைக்க வேண்டும், கிடைத்த தடயம் வீணாகக் கூடாது, அவ்வளவுதான். அடுத்த நாவல்களில், அந்த வேலையில் நீடிக்கத் தனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாகப் பொய் சொல்லி வைத்திருக்கிறாள். அந்தப் பொய் எப்போது வெளிவருமோ என்ற பயம், எந்தக் கொலைகாரனையும்விட அவளைத் துரத்துகிறது. ஆய்வக விவரங்களில் நாவலுக்கான அவசரம் இருக்கிறது. முடிவுகள் கதைக்குத் தேவையான நேரத்தில் டாணென்று வந்துவிடுகின்றன. அது எல்லா நாட்டுத் துப்பறியும் கதைகளிலும் உள்ள வியாதி. ஆஸ்பத்திரியும் ஆய்வகமும்தான் அந்தக் காலத்து சவூதியில் ஆணும் பெண்ணும் சேர்ந்து வேலை பார்த்த மிகச் சில இடங்களில் முக்கியமானவை என்பதை ஆசிரியர் சரியாகக் கண்டு, நாயகியை அங்கே வைத்திருக்கிறார். போலீஸாகவோ வழக்கறிஞராகவோ வைத்திருந்தால் அன்றைக்கு அது பொய்யாகப் போயிருக்கும். சவூதியில் முதல் பெண் வழக்கறிஞர்களுக்கு உரிமம் கிடைத்ததே 2013இல்தான்.

மூன்றாவது நாவல் எனக்கு வேறு காரணத்துக்காக முக்கியம். பாலைவனத்தில் பத்தொன்பது பெண்களின் உடல்கள் கிடைக்கின்றன. அவர்களைத் தேடி யாரும் வரவில்லை, ஏனென்றால் அவர்கள் பிழைக்க வந்த வெளிநாட்டுப் பெண்கள். வளைகுடா வீடு ஒன்றில் என்ன நடக்கிறது என்று எல்லாம் தெரிந்தவள் அங்கே வேலை செய்யும் பணிப்பெண். எந்தக் கதவு எப்போது பூட்டப்படுகிறது, யார் யாரிடம் ரகசியமாகப் பேசுகிறார்கள், யார் உடம்பில் காயம் இருக்கிறது, எல்லாம் அவளுக்குத் தெரியும். அவளைத்தான் யாரும் விசாரிப்பதில்லை; விசாரித்தால் குற்றவாளியாகத்தான். இலங்கையின் மூதூரைச் சேர்ந்த பணிப்பெண் ரிசானா நஃபீக்கை நாம் மறக்க முடியுமா? தமிழ் பேசும் பிள்ளை. 2005இல் சவூதிக்கு வேலைக்குப் போன சில வாரங்களில், அவள் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருந்த கைக்குழந்தை இறந்தது. மூச்சுத்திணறி இறந்தது என்றாள் அவள். கொன்றாள் என்றார்கள் குழந்தையின் வீட்டார். பாஸ்போர்ட்டில் வயதைக் கூட்டிப் போட்டு அனுப்பப்பட்டவள், அப்போது அவளுக்கு 17தான் என்று குடும்பம் சொன்னது. தொடக்க விசாரணையின்போது வழக்கறிஞர் இல்லை, தகுதியான மொழிபெயர்ப்பாளர் இல்லை, குழந்தைக்குப் பிரேதப் பரிசோதனையும் நடக்கவில்லை என்று மனித உரிமை அமைப்புகள் திரும்பத் திரும்பச் சொல்லின. 2013 ஜனவரி 9 அன்று தலையை வெட்டினார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் மொழியில் 'என்னம்மா நடந்தது?' என்று கேட்க ஒரு பெண் அதிகாரி இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அப்படிக் கேட்க யாரும் இல்லை என்பது மட்டும் நிச்சயம். சவூதிச் சீமாட்டியின் விடுதலையைப் பற்றி முந்நூறு பக்கம் எழுதிவிட்டு, தேநீர் கொண்டுவருகிறவளுக்குப் பெயர்கூட வைக்காத நாவல்களை நான் பாதியில் மூடிவிடுவதற்குக் காரணம் இதுதான்.

உள்ளே நுழையும் உரிமை என்ற விஷயத்தை இன்னும் துல்லியமாகக் கதையாக்கியவர் சுஜாதா மாஸ்ஸி. அவருடைய பெர்வீன் மிஸ்திரி வரிசையின் முதல் நாவல் 2018இல் வந்தது, கதை நடப்பது 1921இன் பம்பாயில். பெர்வீன் பார்சி, தகப்பனாரின் சட்ட அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். மலபார் ஹில்லில் ஒரு முஸ்லிம் ஆலை முதலாளி இறந்துபோக, வெளி ஆண்கள் கண்ணில் படாமல் கோஷாவில் இருக்கும் அவருடைய மூன்று விதவைகளும் தங்கள் சொத்துரிமையை வக்ஃபு என்ற அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுப்பதாகக் கடிதம் வருகிறது. கையெழுத்தைப் பார்த்ததும் அவளுக்கு உறுத்துகிறது. ஆண் வக்கீல் யாரும் அந்தப் பெண்களை நேரில் பார்த்துக் கேட்க முடியாது. அவள் போகிறாள். பிறகு கொலை. கொலை பற்றி விசாரிக்கப் போலீஸ் திணறுகிறது, ஏனென்றால் சாட்சிகள் திரைக்குப் பின்னால் இருக்கிறார்கள். நம் வீடுகளில் மஹர் (மணமகன் மணமகளுக்குத் தரும் மணக்கொடை) பற்றியும் பாகப்பிரிவினை பற்றியும் நடக்கும் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த நாவலில் கொலையைவிட அந்தக் காகிதங்கள்தான் சுவாரசியமாக இருக்கும். பெண்ணைக் கொல்லத் தேவையே இல்லை, ஒரு கையெழுத்து வாங்கினால் போதும் என்பதைச் சத்தமில்லாமல் காட்டுகிறது.

இதுவும் ஆகாயத்திலிருந்து விழுந்த கற்பனை இல்லை. 1866இல் நாசிக்கில் பிறந்த கார்னீலியா சொராப்ஜி ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் படித்த முதல் பெண். பெண் என்பதால் நீதிமன்றத்தில் வாதாட அனுமதியில்லை. 1904இலிருந்து சொந்தமாக நிர்வகிக்க இயலாதவர்களின் ஜமீன்களைக் கவனித்த அரசு அமைப்பான வங்காளத்தின் கோர்ட் ஆஃப் வார்ட்ஸுக்காக, அந்தப்புரங்களில் இருந்த இந்து, முஸ்லிம் ஜமீன் பெண்களைச் சந்தித்து, அவர்கள் சொத்துச் சிக்கல்களைக் கேட்டு எழுதி, வழி சொல்லி வந்தார். சதி, விஷம், போலிக் கையெழுத்து எல்லாம் அவர் எழுதிவைத்த அனுபவங்களில் உண்டு. பெர்வீன் பாத்திரத்துக்கு அவரும் ஒரு தூண்டுதல் என்று மாஸ்ஸி சொல்லியிருக்கிறார். ஆங்கிலேய ஆட்சிக்கு விசுவாசியான சொராப்ஜியின் அரசியல் எனக்குப் பிடிக்காது, அது வேறு கதை.

அந்தந்த நாட்டுக்காரர்களே எழுதியவற்றில் பெண் துப்பறிவாளர் அவ்வளவாகத் தென்படுவதில்லை, இதைக் கவனித்திருக்கிறீர்களா? மக்காவைச் சேர்ந்த ரஜா ஆலிமின் 'புறாவின் கழுத்தணி' 2011இல் அரபுப் புனைகதைக்கான சர்வதேசப் பரிசைப் பகிர்ந்துகொண்டது. அந்தப் பரிசை வாங்கிய முதல் பெண் அவர்தான். மக்காவின் ஒரு சந்தில் பெண்ணின் நிர்வாண உடல் கிடக்கிறது. அவமானத்துக்கு அஞ்சி யாரும் அவளைத் தம் பிள்ளை என்று சொல்ல முன்வரவில்லை. விசாரிக்கிறவர் நாஸர் என்ற ஆண். பெண்களிடம் நேராகப் போக முடியாததால் அவர் ஆயிஷா என்பவளின் மின்னஞ்சல்களை வாசித்து, வாசித்து, வழக்கைவிட்டு அவளுக்குள் தொலைந்துபோகிறார். கதையின் பெரும்பகுதியைச் சொல்வது அந்தச் சந்து. துப்பறியும் கதை என்று நம்பி வாங்கினால் எரிச்சல் வரும், யார் கொன்றது என்ற பதிலுக்கு அவசரப்படாத நாவல் அது. ஆனால் மூடிய வீட்டின் முன்னால் நிற்கும் ஆண் விசாரணையாளரின் கையாலாகாத்தனத்தை இவ்வளவு நன்றாக எழுதியவர் வேறு யாருமில்லை என்பது என் அபிப்பிராயம்.

அல்ஜீரியாவின் யாஸ்மினா காத்ரா 2014இல் எழுதிய பிரெஞ்சு நாவல் ஒன்றில் நோரா பிலால் என்ற பெண் கமிஷனர் வருகிறார். அல்ஜியர்ஸ் அருகே காட்டில் கிடைத்த மாணவியின் பிணத்திலிருந்து தொடங்கி, ஆட்சியின் உச்சிவரை போகிறார். காத்ரா பெண் பெயராக ஒலித்தாலும் எழுதுவது முகமது மூலஸெஹூல் என்ற முன்னாள் ராணுவ அதிகாரி. ராணுவத் தணிக்கைக்குத் தப்ப மனைவியின் பெயர்களை எடுத்து வைத்துக்கொண்டார். இங்கே எதிரி மார்க்கக் கட்டுப்பாடு அல்ல, ஊழல் பிடித்த அதிகாரம். 'முஸ்லிம் சமூகம்' என்று ஒரே மூட்டையாகக் கட்டினால் அல்ஜியர்ஸும் ஜித்தாவும் ஒன்றாகத் தெரியும், அவை ஒன்றல்ல. 2022இல் வந்த 'ஹோலி ஸ்பைடர்' படத்தையும் பலர் சொல்வார்கள். மஷ்ஹதில் 2000, 2001இல் பதினாறு பெண்களைக் கொன்றவனைப் பற்றியது. கொலைகள் நிஜம், கொலைகாரன் தூக்கிலிடப்பட்டதும் நிஜம். அவனைத் துரத்தும் பெண் பத்திரிகையாளர் படத்துக்காக உருவாக்கிய பாத்திரம். ஈரானில் எடுக்க முடியாமல் ஜோர்டானில் எடுத்தார்கள். அவனை வீரனாகக் கொண்டாடிய தெருவைப் பற்றிய பகுதிதான் படத்தில் என்னை உலுக்கியது, துரத்தல் அல்ல.

சரி, மேல்நாட்டு வாசகர்களுக்காகச் செய்ததா என்ற உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். அதில் நியாயம் இருக்கிறது. இந்த நாவல்களில் பெரும்பாலானவை ஆங்கிலம், பிரெஞ்சு சந்தைக்காக எழுதப்பட்டவை. ஃபெராரிஸ்கூட விளக்கத் தேவையில்லாததைச் சில இடங்களில் வகுப்பெடுப்பது போல விளக்குகிறார். இரண்டாவது நாவலில் கணவனைக் காணாமல் தவிக்கும் அமெரிக்கப் பெண்ணின் பகுதி அவருடைய வாசகர்களைக் கைப்பிடித்து அழைத்துப் போகவே இருக்கிறது என்று தோன்றுகிறது. நான் இவற்றை எடைபோடப் பார்ப்பது சின்ன விஷயங்களைத்தான். பெண்கள் தங்களுக்குள் இருக்கும்போது என்ன பேசுகிறார்கள்? வெளியே உடல் முழுக்க மூடும் கறுப்பு அபாயாவோடு நடப்பவர்கள் உள்ளே வந்ததும் சம்பளம், மாமியார், முடிச்சாயம், காரசாரமான வம்பு என்று பேசுவார்கள். அந்தச் சிரிப்பு இல்லாத நாவலை எழுதியவர் உள்ளே போனதில்லை. முகம் தெரியாதவர்களை அடையாளம் காண முடியாது என்று வைத்துக்கொண்டு கதை பின்னுகிறவர்களும் அப்படித்தான். எங்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிகாபோடு (முகத்திரையோடு) தூரத்தில் வரும் பெண்ணை, நடையையும் செருப்பையும் கைப்பையையும் ஊது வாசனையையும் வைத்து இன்னார் என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்லிவிடுவார்கள். ஆண் ஒருவன் அபாயா போட்டுக்கொண்டு தப்பிக்கும் திருப்பம் அந்தப் பெண்கள் முன்னால் ஒரு நிமிடம் தாங்காது. அப்புறம், நாயகிக்கு மார்க்கத்தோடு என்ன உறவு என்றும் பார்க்கிறேன். தொழுகிற பெண்ணாகவும் கேள்வி கேட்கிற பெண்ணாகவும் ஒருத்தியே இருக்க முடியும் என்பது தெரியாதவர்கள் அவளை முதல் அத்தியாயத்திலேயே நம்பிக்கையற்றவளாக்கி, கடைசி அத்தியாயத்தில் விமானம் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள்.

இவற்றை இன்று வாசிக்கும்போது காலத்தையும் நினைவில் வையுங்கள். ஃபெராரிஸின் ஜித்தா 2012க்கு முந்தையது. மார்க்கப் போலீஸின் கைது அதிகாரம் 2016இல் பறிக்கப்பட்டது. 2018 ஜூன் 24 முதல் பெண்கள் கார் ஓட்டுகிறார்கள். 2019இல் 21 வயதான பெண்கள் காப்பாளர் அனுமதியின்றிப் பாஸ்போர்ட் எடுக்க வழி வந்தது, அதே வருடம் உணவகங்களின் இரட்டை வாசல் கட்டாயமும் போனது. காத்யாவின் தலைவலிகளில் பாதி இப்போது சரித்திரம். எல்லாம் சரியாகிவிட்டது என்றும் அர்த்தமில்லை. கார் ஓட்டும் உரிமைக்குப் போராடிய லுஜைன் அல் ஹத்லூல் போன்றவர்களை, அந்த உரிமை நடைமுறைக்கு வருவதற்குச் சில வாரங்கள் முன்பு கைது செய்தார்கள். இந்தப் புதிய சவூதியில், தானே கார் ஓட்டிக்கொண்டு சம்பவ இடத்துக்குப் போகும் அரசு விசாரணை அதிகாரி ஒருத்தியின் கதை எப்படி இருக்கும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. தடை தெருவிலிருந்து நகர்ந்து எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்பதை அவள்தான் காட்ட வேண்டும்.

எதிலிருந்து தொடங்கலாம் என்றால், 'ஃபைண்டிங் நூஃப்' எடுங்கள். பிரிட்டனில் அதே புத்தகம் 'தி நைட் ஆஃப் தி மிராஜ்' என்ற பெயரில் வந்தது, இரண்டையும் வாங்கிவிடாதீர்கள். நடுவில் உள்ளதைத் தாண்டிவிட்டு மூன்றாவதுக்குப் போனாலும் கதை புரியும், காத்யாவுக்கும் நாயிருக்கும் இடையே நடந்தது மட்டும் கொஞ்சம் விட்டுப்போகும். நிதானமாக வாசிக்கப் பிடிக்கும் என்றால் மாஸ்ஸி. அவருடைய முதல் நாவல் இந்தியாவில் 'எ மர்டர் ஆன் மலபார் ஹில்' என்ற தலைப்பில் கிடைக்கிறது. ரஜா ஆலிமைக் கடைசியாக, அவசரமில்லாத ஒரு விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.